தடியன் போட்ட தாளம்

"தடியனை இன்னிக்கே ஒரு வழி பண்ணிடணும். ஆளை வரச் சொல்லிட்டேன்" என்றாள் மனைவி.

கிதாரும் கையுமாக இருந்த ராக் பாடகன் பதறினான். "பாட்டு பாதியில நிக்குதே! அவன்கூட ஜாமிங் பண்ணித்தான் பல்லவியே வந்துச்சு. எங்க டிரம்மருக்குக்கூட அந்த அடி வராது."

"அவன் போடுற ஆட்டத்துல கீழ்வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க."

"சரணம் முடியற வரைக்கும் அவன்மேல யாரும் கை வைக்கக் கூடாது!"

அழைப்பு மணி அடித்தது. உள்ளே வந்த மெக்கானிக் பழைய வாஷிங் மெஷினை ஆட்டிப் பார்த்தார். "பேரிங் போயிடுச்சும்மா. மாத்திட்டா சத்தமே வராது."

"கொஞ்சம் பொறுங்க!" பாடகன் அழுக்குத்துணி தேடினான். கூடை காலி. போட்டிருந்த சட்டையைக் கழற்றி மெஷினுக்குள் திணித்து, வெற்று மார்பில் கிதாரை மாட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டான்.

"ம், ஆரம்பிடா தடியா!"