வெண்கட்டி வீடு

"கோட்டைத் தாண்டாதேங்கோ," என்றாள் பத்மாதேவி.

ஸ்ரீஸ்கந்தராசா நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். போன மாதம் வரைக்கும் கண்டிக் கச்சேரியில் தலைமைக் கிளாக்கராக இருந்து, மற்றவர்களைக் கைகட்டி நிற்க வைத்த மனுஷன். இப்போது ஹோலின் நடுவே மனைவி வெண்கட்டியால் கீறிய சதுரத்துக்குள் கதிரையைப் போட்டு, சொன்ன சொல் கேட்டு உட்கார்ந்திருந்தார்.

பென்சன் எடுத்தால் அரசாங்க வீட்டை விட்டுவிட வேண்டும். கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குக் கிட்ட, ஓர் அறையும் குசினியும் உள்ள வீடு வாடகைக்குக் கிடைத்திருந்தது. இவருக்கு முழங்கால் வாதம், பஸ் ஏறி இறங்க முடியாது. அதனால் பத்மாதேவிதான் தனியாகப் போய்ப் பார்த்து, அறையைக் கயிற்றால் அளந்துகொண்டு வந்தாள்.

அந்த அளவுக்கு ஹோலில் நாலு கோடு கீறி, வாசலுக்கு மட்டும் ஓர் இடைவெளி விட்டாள். கோட்டுக்குள் அடங்குவது வண்டியில் ஏறும். அடங்காததைப் பழைய சாமான் கடை ஸெய்னுலாப்தீன் கொண்டு போவார். இதுதான் ஏற்பாடு.

பெரிய மேசை அடங்கவில்லை, போயிற்று. குடை வைக்கும் தாங்கி போயிற்று. கண்ணாடி வைத்த உடுப்புத் தாங்கியும் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் அவர் தலையை மட்டும் ஆட்டினார், யாரோ வீட்டுச் சாமானைப் பார்ப்பது போல.

"கட்டிலை எப்பிடிப் போடுறது?" என்று கேட்டாள்.

"தலைமாட்டை இந்தப் பக்கம் வையும். யன்னலால ஆத்துக் காத்து வரும்," என்று அவர் கையைக் காட்டினார்.

"ஓம்," என்றாள். அவள் கவனம் கட்டிலில் இல்லை. மூலையில் நின்ற அலுமாரியில் இருந்தது.

அந்த அலுமாரி சத்தியபாமாவினுடையது. சத்தியபாமா அவருடைய முதல் மனைவி. அவள் செத்து எத்தனையோ வருஷமாகியும் அவளின் சேலைகள் அதற்குள்தான் இருந்தன. சாவி இவர் இடுப்பில் இருந்தது. பத்மாதேவி கலியாணம் முடித்து வந்த அன்று தன் சேலைகளை றங்குப் பெட்டியில் வைத்தாள். இன்றைக்கும் அவை அங்கேதான் கிடக்கின்றன.

ஆரம்பத்தில் அழுது பார்த்தாள். பிறகு எரிந்து விழுந்து பார்த்தாள். பிறகு இரண்டும் விட்டுப்போயின. செத்தவளோடு எத்தனை காலத்துக்குத்தான் மல்லுக்கட்டுவது? மனசு மரத்துப்போனால் அதிலும் ஒரு வசதி இருக்கிறது, சமையல் நேரத்துக்கு முடிந்துவிடும்.

ஸெய்னுலாப்தீனும் கூட வந்த ஆட்களும் அலுமாரியைத் தூக்கிச் சதுரத்துக்குள் வைத்தார்கள். நீளமாக வைத்தார்கள், குறுக்காக வைத்தார்கள். கட்டிலைத் தள்ளியும் பார்த்தார்கள்.

"எப்படித் திருப்பினாலும் ஒரு முழம் வெளிய நிக்கிது ஐயா," என்றார் ஸெய்னுலாப்தீன். "என்ன செய்ற?"

அந்த ஒரு முழம் எங்கே போயிற்று என்று பத்மாதேவிக்குத் தெரியும். கோடு கீறும்போது கயிற்றில் ஒரு முழத்தை உள்ளங்கைக்குள் மடக்கிப் பிடித்திருந்தாள். கட்டின புருஷனிடம் வாய் திறந்து ஒரு பொய் சொல்லி அறியாதவள், வெண்கட்டியால் சொல்லிவிட்டாள்.

கயிறு ஆணியில் தொங்கியது. எங்கே, அதை இஞ்ச கொண்டு வாரும் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு புது வீட்டில், ஒரே அறைக்குள், அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

அவர் கோட்டையே வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய், இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அலுமாரியைத் திறந்தார். சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

"இதுகளை அவளின்ர தங்கச்சிக்கு அனுப்பிவிடுவம்," என்றார். சாவியை ஸெய்னுலாப்தீனின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பவும் கதிரையில் போய் உட்கார்ந்தார்.

ஹந்தானை மலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஸெய்னுலாப்தீனின் ஆட்கள் அலுமாரியைச் சாக்கால் மூடி, அவசர அவசரமாக வண்டியில் ஏற்றினார்கள். மாடுகள் நடந்தன. அலுமாரி நின்ற இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

இந்த ஒரு காட்சிக்காகவே காத்திருந்தவள் பத்மாதேவி. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கும் என்று நினைத்தாள். ஒன்றும் இறங்கவில்லை. சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. சதுரத்துக்குள் தனியாக இருந்த அவரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

ஈரத்துணியோடு குனிந்து கோட்டை அழிக்கத் தொடங்கினாள். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"அந்த அறை இன்னும் ஒரு முழம் நீளமா இருந்திருந்தா, கொண்டு போயிருக்கலாம்," என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

ஸ்ரீஸ்கந்தராசா முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"நானும் கார் பிடிச்சுப் போய் அளந்தனான், பத்மா."