சுவரில் இல்லாத முகம்

"உன் படம் எங்கேடா ஹைமி?" என்று வேண்டுமென்றே கேட்டார் மோர்ட்டி.

ஹைமி கிராஸ்மன் தட்டில் இருந்த மீன் துண்டை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தார்.

நாற்பது வருடம் கழித்துப் பழைய மாணவர்கள் ஒன்றுகூடியிருந்தார்கள். அமெரிக்காவின் ஒஹையோவில், கல்லூரிக்குப் பக்கத்தில், யூத மாணவர்கள் தங்கிப் படிக்கும் சங்கத்தின் வீடு. அதே சாப்பாட்டு அறை, அதே நீள மேஜை. சுவர் முழுக்க, கூடப் படித்த ஜூலியஸ் பின்ஸ்கர் வரைந்த கேலிச்சித்திரங்கள். இப்போது கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து, பட்டாளத்துச் சட்டையைக்கூட மாற்றாமல் படிக்க வந்த கூட்டம் அது. மற்ற சங்கங்கள் யூதப் பையன்களைச் சேர்த்துக்கொள்ளாது. அதனால் எல்லாக் கூத்தும் இந்த வீட்டில்தான். வெள்ளிக்கிழமை யூத வழக்கப்படி மெழுகுவத்தி ஏற்றிச் சாப்பிட்டு முடித்ததும் ஜூலியஸ் ஒரு படத்தை மாட்டுவான். மாட்டிக்கொண்டவன் தொலைந்தான். மோர்ட்டியின் மூக்கில் துணி காயப்போட்டிருந்தான். ஸீமோரின் காதுக்குள் புறா குடியிருந்தது. சுவரில் ஏறினவன்தான் அந்த வீட்டுப் பிள்ளை என்று பேச்சு.

ஹைமி மட்டும் ஏறவே இல்லை.

இத்தனைக்கும் ஜூலியஸோடு ஒரே அறையில் இருந்தவன் ஹைமிதான். கறிக்கடை வைத்திருந்த அப்பா அனுப்பும் சலாமி இறைச்சியில் பாதி ஜூலியஸ் வயிற்றுக்குத்தான் போகும்.

"என்னை எப்படா வரையப் போறே?"

"உன் தொப்பைக்கு ரெண்டு காகிதம் வேணும். விலை இறங்கட்டும்."

ஒவ்வொரு தடவையும் இப்படி ஒரு சாக்கு.

அப்பா படுத்த படுக்கையானதும் ஹைமி படிப்பை விட்டுவிட்டுக் கடைக்குப் போக வேண்டியதாயிற்று. வீட்டை விட்டுப் போகிறவனுக்குக் கடைசிச் சாப்பாட்டில் படம் உண்டு. அது வழக்கம். எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜூலியஸ் வெறுங்கையோடு வந்தான். வந்து ஹைமியைக் கட்டிக்கொண்டான்.

ஹைமி அவனைப் பிடித்துத் தள்ளினான். "கசாப்புக்காரன் மகன் உன் சுவருக்குப் பொருந்த மாட்டான், இல்லே?"



அதோடு சரி. ஜூலியஸின் கல்யாண அழைப்பு வந்தபோது ஹைமி அதைத் திருப்பி அனுப்பினார். போன வருடம் அவன் செத்த சேதி வந்தது. துக்கம் கேட்கவும் போகவில்லை.

இன்றைக்கு வந்ததும் பழைய பாசத்தில் அல்ல. ஜூலியஸின் மனைவி ஃப்ளோரன்ஸ் வருகிறாள் என்று தெரிந்துதான் வந்தார். அவளிடமாவது கொட்டிவிட வேண்டும்.

படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே அவள் மேஜைப் பக்கம் வந்தாள். ஹைமி எழுந்து நின்றார்.

"உங்க வீட்டுக்காரர் பெரிய கலைஞர்தாம்மா. ஒரே அறையில கிடந்தவன் மூஞ்சி மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியலை."

"சும்மா இருடா." மோர்ட்டி கையைப் பிடித்து இழுத்தார். "செத்தவன் மேல என்ன வழக்கு? அதுவும் அந்தம்மா முன்னாடி."

"நீ பேசுவே. உன் மூக்குதான் சுவர்ல தொங்குதே."

ஃப்ளோரன்ஸ் கோபப்படவில்லை. அவரையே பார்த்தாள்.

"நீங்கதான் ஹைமியா? சலாமி ஹைமி?"

ஹைமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நான்தான்."

"உங்களை வரையவே இல்லையா?"

"ஒரு கோடுகூட இல்லை."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னையும் வரைஞ்சதில்லை. எங்க பொண்ணுங்க ரெண்டு பேரையும் வரைஞ்சதில்லை. சின்னவ அழுவா. 'பால்காரரை எல்லாம் வரையறீங்க, என்னை மட்டும் ஏம்பா வரைய மாட்டேங்கறீங்க'ன்னு."

"ஏன்?" என்றார் ஹைமி. குரல் இறங்கிவிட்டிருந்தது.

"பட்டாளத்துல கூட இருந்த சிநேகிதங்களை ஒவ்வொருத்தனா வரைஞ்சு கொடுத்தாராம், வீட்டுக்கு அனுப்பிக்கிறதுக்கு. ஒருத்தனும் உயிரோட திரும்பலை. அதுக்கப்புறம், இழந்துட்டா தாங்கிக்க முடியாதுன்னு தோணுறவங்களை மட்டும் அவர் வரையவே மாட்டார்."