முப்பது கிராம் ஈரம்

மீன் வியாபாரி பஸ்தியாம்பிள்ளை தராசு முள்ளைக் குனிந்து பார்த்தார்.

“நேற்றையிலும் பார்க்க முப்பது கிராம் குறையுது, எமில்டா.”

“தராசு பிழையோ?” என்றாள் மனைவி.

“படிக்கல்லை வைச்சுப் பார்த்தனான். சரியாத்தான் நிக்குது.”

“அப்ப அந்த முப்பது கிராம் எங்கை போனது?”

அவர் உடனே போய்ப் பக்கத்துக் கொட்டிலில் இருந்த தாதி சிவரூபியை அழைத்து வந்தார். அவள் ஒரு பொலித்தீன் துண்டைத் தோலின்மேல் சற்றுநேரம் போர்த்தி எடுத்தாள். உட்புறம் பனித்திருந்தது.

“பாருங்கோ அண்ணை, தண்ணி தோலாலை ஆவியாப் போகுது. தோல் இன்னும் மெல்லிசு, ஈரத்தைப் பிடிச்சு வைக்காது. தேங்காயெண்ணெயை மெல்லப் பூசிப்போட்டு, பொலித்தீனாலை சுத்தி வையுங்கோ. முகத்தை மட்டும் மூடிப்போடாதேங்கோ, பிள்ளைக்கு மூச்சு முட்டும்.”

எட்டு மாதத்திலேயே பிறந்துவிட்ட மகளை எமில்டா நெஞ்சோடு அணைத்தாள். சண்டையால் பாதை பூட்டியிருந்தது. வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை.

இருவரும் தாதி சொன்னபடியே செய்தார்கள். மறுநாள் பஸ்தியாம்பிள்ளை மகளை நிறுத்துவிட்டு நிமிர்ந்தார்.

“பத்துக் கிராம் கூட!”

“குடிச்ச பால் பிள்ளைக்குள்ளையே நிண்டிட்டுது” என்று சொல்லி எமில்டா அழுதாள்.