ரெண்டு காதும் தெரியணும்

"ஒரு மெம்பர் அட்டை போட்டுக் கொடுக்க பத்தொன்பது நாளா, மேடம்?"

நீச்சல் குளத்து அலுவலகக் கவுன்ட்டரில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டான் அவன். அரை நாள் லீவு போட்டுவிட்டு, சண்டை போடுவதற்கென்றே ஆபீசிலிருந்து நேராக வந்திருந்தான்.

உள்ளே கிளார்க் அம்மா திரும்பவில்லை. அவருடைய நாற்காலியே கவுன்ட்டரைப் பார்த்து இல்லை, ஜன்னலைப் பார்த்துக் கிடந்தது. வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது அவர் முதுகுதான்.

"மேடம், உங்களைத்தான்!"

"காது கேக்குது சார். யாரோட அட்டை?"

"என் மனைவியோடது. நாலு மாசக் குழந்தையை எங்கம்மாகிட்ட விட்டுட்டு இந்த வெயில்ல தினமும் வர்றா. முதல் நாள், ஃபோட்டோ தெளிவா இல்லைன்னீங்க. மறுநாள், பின்னாடி வெள்ளையா இருக்கணும்னீங்க. அதுக்கு மறுநாள், ஒரு காதுதான் தெரியுது, ரெண்டு காதும் தெரியணும்னீங்க. காதா மேடம் நீந்தப் போகுது?"

வரிசையில் நின்ற இரண்டு பெண்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லாக் கேளுங்க சார்," என்றாள் ஒருத்தி. "எனக்கு அஞ்சே நிமிஷத்துல கொடுத்தாங்க. அந்தப் பொண்ணைத்தான் பாடாப் படுத்தறாங்க. நேத்து ஃபாரத்தைக் கறுப்பு மையில எழுதலைன்னு திருப்பிட்டாங்க."

"எழுதிட்டு வந்தாலும், 'ஃபைலைத் தேடறேன், அதுவரைக்கும் படியில உட்கார்ந்து தண்ணியில காலை வெச்சுக்கோ'ம்பாங்க," என்றாள் இன்னொருத்தி. "தினமும் ஒரு மணி நேரம் தேடற அளவுக்கு அப்படி என்ன ஃபைலோ!"

துணைக்கு ஆள் கிடைத்ததும் அவன் குரல் ஏறியது. "உங்க மேலதிகாரி யாரு? நான் எழுதிக் கொடுத்துட்டுத்தான் போவேன்."

கிளார்க் அம்மா எழுந்து வந்து கவுன்ட்டர் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"நீங்க மட்டும் உள்ள வாங்க."

போனான். ஜன்னலுக்கு வெளியே குளம் மொத்தமும் தெரிந்தது. பெண்களுக்கான நேரம் அது. மூன்றாவது படியில் அவன் மனைவி, முழங்கால் வரை தண்ணீரில். எட்டிப் பிடிக்கிற தூரத்தில், கழுத்தில் விசிலோடு காவலுக்கு நிற்கும் பெண்.

கிளார்க் அம்மா டிராயரை இழுத்து ஓர் அட்டையை மேஜைமேல் போட்டார். மனைவியின் படம். முத்திரை. கையெழுத்து. தேதியைப் பார்த்தான். பத்தொன்பது நாளைக்கு முந்தைய தேதி.

"முதல் நாளே போட்டாச்சா? அப்போ வேணும்னேதான் அலைய விட்டீங்களா?"

"வேணும்னேதான்."

அவன் அட்டையைக் கையில் எடுத்தான்.

"சீல் குத்திக்கிட்டு இருக்கும்போது அவங்க ரெண்டு விஷயம் கேட்டாங்க சார். ஆழம் ஜாஸ்தியான பக்கம் எது? அங்க ஆளே இல்லாத நேரம் எது?"

அவர் பேசும்போதும் கண்ணை ஜன்னலிலிருந்து எடுக்கவில்லை.

"ஃபாரத்துல 'நீந்தத் தெரியுமா'ங்கற கட்டத்துல, 'தெரியாது'ன்னு எழுதியிருந்தாங்க. நீந்தத் தெரியாதவங்க, ஆழம் கம்மியான பக்கம் எதுன்னுதான் கேப்பாங்க. இவங்க நீந்த வரலைன்னு புரிஞ்சுது. அட்டையை டிராயருக்குள்ள தள்ளிட்டு, ஃபோட்டோ சரியில்லை, நாளைக்கு வாங்கன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மறுநாள் வந்தாங்க. அப்புறம் ஒவ்வொரு நாளும் மறுநாளைக்கு ஒரு வேலை கொடுத்தேன்."

"எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"ஃபாரத்துல இருந்த உங்க நம்பருக்கு நாலு தடவை போட்டேன், தம்பி. நீச்சல் குளத்துலேருந்து பேசறேன்னதுமே, 'எதுவும் வேண்டாம்மா, மீட்டிங்ல இருக்கேன்'னு வெச்சுட்டீங்க."

அவனுக்கு நினைவு வந்தது. ஏதோ கோடைச் சலுகை விற்கிறவர்கள் என்று நினைத்து, நாலாவது தடவை அந்த நம்பரையே பிளாக் பண்ணியிருந்தான்.

"வீட்ல நல்லாத்தான் இருந்தா," என்றான். "பேச்சுதான் கொஞ்சம் குறைஞ்சுது. சரி, தூக்கம் இல்லாததால இருக்கும்னு... குழந்தை நல்லா எடை ஏறுதுன்னு நாங்க எல்லாரும் சந்தோஷமா..."

"எல்லாரும் குழந்தையைப் பார்த்தீங்க."

அவன் நாற்காலி தேடி உட்கார்ந்தான்.

"முதல் வாரம் வாயே திறக்கலை," என்றார் கிளார்க் அம்மா. "அப்புறம் விசில்காரிகிட்ட நாலு வார்த்தை. முந்தாநாள் ஒரு வாண்டு அவங்க மேல தண்ணியை வாரி இறைச்சுது. திருப்பி இறைச்சாங்க. இன்னிக்கு என்கிட்ட என்ன கேட்டாங்க தெரியுமா? குழந்தையை எத்தனை மாசத்துல தண்ணியில இறக்கலாம்னு. அதான், அட்டையைக் கொடுத்துடலாம்னு நினைச்சேன். ஆனா ஒண்ணு, நான் வெறும் கிளார்க். தண்ணியால முடிஞ்சது இவ்வளவுதான். மீதிக்கு ஒரு நல்ல டாக்டரைப் பாருங்க. இந்த வாரமே பாருங்க."

வாசலில் ஈரச் செருப்புச் சத்தம் கேட்டது. அவன் சட்டென்று அட்டையை டிராயருக்குள் தள்ளி மூடினான்.

"என்னங்க, நீங்க எங்க இங்க?" ஓரமெல்லாம் நனைந்த சுடிதாரோடு மனைவி நின்றாள். "அவங்களைத் திட்டினீங்களா? பாவம், ஃபைல் கிடைக்காம அவங்களே தவிக்கிறாங்க. அட்டை கொடுத்துட்டாங்களா?"

"இல்லைம்மா," என்றான். "என் ஃபோட்டோவும் வேணுமாம். நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து வரணுமாம்."

கிளார்க் அம்மா பத்தொன்பது நாளுக்குப் பிறகு நாற்காலியைக் கவுன்ட்டர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்கும் ரெண்டு காதும் தெரியணும், சார்."