இரண்டில் ஒன்று

மூன்று மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் உள்ளே வந்தபோது, இரண்டு கேமராக்களையும் துடைத்துக் கண்ணாடி மேசைமேல் தயாராக வைத்திருந்தேன்.

அது ஆறாவது புதன்கிழமை.

எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பழுதுபார்க்க வந்தவர் அவர். வேலை முடிந்து படியிறங்கும்போது என் கடை அலமாரியைப் பார்த்து நின்றுவிட்டார். பழைய கேமராக்களை வாங்கி விற்கும் கடை. எல்லோர் கையிலும் ஃபோன் வந்த பிறகு, பக்கத்துப் பல் மருத்துவரின் அறை எது என்று கேட்பதற்குத்தான் பெரும்பாலும் ஆட்கள் உள்ளே எட்டிப்பார்ப்பார்கள்.

லிஃப்ட் அன்றே சரியாகிவிட்டது. அவர் மட்டும் புதன்தோறும், தன் லீவு நாளில், வந்துகொண்டிருந்தார்.

அவருக்குப் பிடித்தவை இரண்டு.

ஒன்று பதினாறு வருடப் பழசு. செங்கல் கனம். பத்தே மெகாபிக்சல். ஆனால் முகத்தின் நிறத்தை அது காட்டுகிற மாதிரி இன்றைக்கு வருகிற எதுவும் காட்டாது.

மற்றது அதைவிட ஆறு வருடம் இளையது. பிளாஸ்டிக் உடம்பு. வெளிச்சம் குறைந்த அறையிலும் படம் தெளிவாக விழும், வீடியோவும் எடுக்கும்.

முதல் வாரம் ஒன்றரை மணி நேரம் பேசினோம். நான் பேசினேன் என்பதுதான் சரி. இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது, சென்சாரில் தூசு உண்டா, பேட்டரி எத்தனை நாள் தாங்கும், ஒன்று விடாமல் சொன்னேன். அவர் இரண்டையும் மாறி மாறிக் காதருகே வைத்து ஷட்டரைச் சொடுக்கிக் கேட்டார். பழசு அலமாரிக் கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கிறது, இளையது யாரோ நாக்கைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார். நான் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே புதிதாகக் கேட்டது.

மகளின் பிரசவத்துக்கென்று போன என் மனைவி அங்கேயே தங்கிவிட்டாள். அந்தக் குழந்தைக்கு இப்போது நான்கு வயது. வீட்டில் நான் வாயைத் திறப்பது பல் துலக்கத்தான்.

இரண்டாம் வாரம் அவருக்காக டீ வரவழைத்தேன்.

மூன்றாம் வாரம், பழசையே எடுத்துக்கொள்கிறேன் என்று பர்ஸைத் திறந்தார். ஃபோகஸ் ஒரு நூலிழை பின்னால் விழுகிறது, சர்வீஸுக்கு அனுப்பிச் சரிசெய்து தருகிறேன், அடுத்த புதன் வாருங்கள் என்றேன்.

நான்காம் வாரம் அது சர்வீஸிலிருந்து திரும்பவில்லை. அப்படியானால் இளையதைக் கொடுங்கள் என்றார். அதன் பேட்டரி மூடியில் விரிசல், அதையும் அனுப்பியிருக்கிறேன் என்றேன்.

ஐந்தாம் வாரமும் இரண்டும் இல்லை. லென்ஸ்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது, சீக்கிரம் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று மட்டும் சொன்னார்.

அதனால்தான் இன்று துடைத்து வைத்திருந்தேன்.

“வாங்க தம்பி. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடலாம்.”

அவர் கேமராக்களைத் தொடவில்லை. வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

“இனிமே வேணாம்ணா. ஞாயித்துக்கிழமை காலையில அப்பா போயிட்டார்.”

ஃபோனில் படமெடுத்தால் அப்பாவுக்குப் பிடிக்காதாம். முகத்துக்கு நேரே நீட்டினால் கையால் மறைத்துக்கொள்வாராம். ஒரு நிஜக் கேமரா கொண்டுவா, ஒழுங்காக உட்காருகிறேன் என்று சொல்லியிருந்தாராம். அதற்கென்றே ஒரு நீலச் சட்டையை இஸ்திரி போடச் சொல்லி, கட்டிலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி மாட்டிவைத்திருந்தாராம்.

யாரைப் படமெடுக்க, எதைப் படமெடுக்க என்று இத்தனை வாரத்தில் நான் கேட்டதே இல்லை. பறவை, பூ என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு புதனும் நான் சொன்னதையெல்லாம் அவர் வீட்டுக்குப் போய் ஒப்பிப்பாராம். அப்பா படுத்தபடியே வாதாடுவாராம். கடைசிவரைக்கும் அவர் பழசின் பக்கம்தானாம். சனிக்கிழமை ராத்திரிகூட, சர்வீஸிலிருந்து வந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார்.

பிறகு மெக்கானிக் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். வேறு கடையாக இருந்தால் பழுதை மறைத்து அன்றைக்கே தலையில் கட்டியிருப்பார்கள் என்றார். உங்களை மாதிரி நேர்மையான ஆளை இந்தக் காலத்தில் எங்கே பார்ப்பது என்று அப்பாவே சொன்னாராம்.

இரண்டிலும் எந்தப் பழுதும் இருந்ததில்லை.

எந்த சர்வீஸுக்கும் அவை போகவில்லை. அந்த வாரங்களில் இரண்டும், அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு இரண்டடி தள்ளி, மேசையின் கீழ் டிராயரில் துணி சுற்றிக் கிடந்தன. விற்றுவிட்டால் அவர் வரமாட்டார். எனக்கிருந்த கணக்கு அவ்வளவுதான்.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர் எழுந்துவிட்டார். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். லீவு நாளில் வீட்டில் இருக்க முடியவில்லை என்றார். அப்பாவின் அறைக் கதவைத் திறந்து வைக்கவும் முடியவில்லை, சாத்தவும் முடியவில்லை.

“அடுத்த புதன் வரட்டுமாண்ணா? எதுவும் வாங்குறதுக்கு இல்ல. சும்மா, உட்கார்ந்து பேசிட்டுப் போக.”

ஆறு வாரமாக நான் ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான்.

அவர் முகத்தைப் பார்க்காமல், வாங்க தம்பி என்றேன்.