கீபோர்டில் கிடந்த நகங்கள்

அண்ணன் விளையாட்டுகளையெல்லாம் வேறொரு டிரைவுக்கு மாற்றிவைத்ததில், டெஸ்க்டாப்பில் இருந்த ஐகான்கள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பிக்கு அண்ணியிடமிருந்து போன் வந்தது. வந்து உட்கார்ந்ததும் அவன் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினான். கடித்துத் துப்பிய நகத்துண்டுகள் பொலபொலவென்று கொட்டின.

"சீ, யாரு அண்ணி இப்படிக் கடிச்சுத் துப்புறது?"

"இந்த வீட்டுல யாருக்கும் நகம் கடிக்கிற பழக்கமே இல்ல தம்பி. நானும் தினம் தட்டித்தான் எடுக்குறேன்."

மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே துடைத்துவிட்டு, ஒவ்வொரு ஐகானிலும் விளையாட்டு இருக்கும் இடத்தைக் காட்டும் பழைய பாதையை அழித்துப் புதியதை அடித்தான். முதல் விளையாட்டு திறந்தது. இரண்டாவதும் திறந்தது. கார் பந்தய விளையாட்டுக்குப் பாதையை அடிக்கும்போது நாக்கில் ஏதோ நெருடியது. உள்ளங்கையில் துப்பினான். எச்சிலோடு ஒரு நகத்துண்டு வந்து விழுந்தது. அதன் ஓரமெல்லாம் கறுப்பு அழுக்கு. தன் விரல்களைப் பார்த்தான். காலையில் வெட்டிய நகங்கள் பத்தும் வெட்டியபடியே இருந்தன.

வாய் கொப்பளிக்க எழுந்தவனிடம் அண்ணி மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து நீட்டினாள். அது பாதிக்குமேல் நகத்துண்டுகளால் நிறைந்திருந்தது.

"இதுலயே துப்பிக்கிட்டு மிச்சத்தையும் முடிச்சிடுங்க தம்பி. உங்க அண்ணனும் இதுலதான் துப்புவாரு."