தூங்குமூஞ்சிக் கட்டை

"அந்தப் பெரியவரை மட்டும் மேடையில ஏத்தாதீங்க டீச்சர். ஊரே சிரிப்பா சிரிக்கும். ஏத்துனீங்கன்னா இந்த விழாவோட பூஜாவை கிளாஸ்லேர்ந்து நிறுத்திடுவேன்."

சொன்னவள் பூஜாவின் அம்மா வினோதினி. மரக்காணத்தில் பியானோ சொல்லித் தர சகாயசெல்வி டீச்சரை விட்டால் ஆள் கிடையாது. அவளிடம் எட்டு வயசு பூஜாவும் படிக்கிறாள், அறுபதைத் தொடும் கமாலுதீன் பாயும் படிக்கிறார்.

பாய் கூனிமேட்டுக்காரர். துபாய் ஓட்டல் ஒன்றில் காலமெல்லாம் பெட்டி தூக்கியவர். அந்த ஓட்டல் வாசல் ஹாலில் ஒரு பியானோ இருந்ததாம். துடைக்கலாம், வாசிக்கக் கூடாது. ஒருநாளாவது நாலு பேர் எதிரில் வாசித்துவிட வேண்டும் என்பது அப்போது பிடித்த ஆசை.

டீச்சர் வீட்டுப் பியானோ பழசு. உப்புக்காற்று பட்டுப் பட்டு நடுவில் ஒரு கட்டை மக்கர் பண்ணும். அமுக்கினால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். நகத்தால் நெம்பித் தூக்கிவிட வேண்டும். பிள்ளைகள் அதற்குத் 'தூங்குமூஞ்சி' என்று பேரே வைத்துவிட்டார்கள். பாட்டு நடுவிலேயே அமுக்குவார்கள், தூக்குவார்கள், கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள்.

பாய்க்கு மட்டும் அது கைவரவில்லை. மொந்தன் வாழைக்காய் மாதிரி விரல், இடுக்கில் எங்கே நுழையும்? "தூங்குனா தூங்கட்டும் டீச்சரம்மா, பாவம்" என்று அதை அப்படியே விட்டுவிட்டு மிச்சத்தை வாசிப்பார். பாட்டு பொக்கை வாயாட்டம் இருக்கும்.

வினோதினி சொன்னதை டீச்சர் மென்று முழுங்கி அவரிடம் சொன்னாள்.

"என்னைப் பார்த்துச் சிரிச்சா எனக்கென்னம்மா குறைஞ்சிடப் போவுது?" என்றார் பாய்.

அதற்கு மேல் டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. நடப்பது நடக்கட்டும் என்று, பூஜாவுக்கு அடுத்து அவரைப் போட்டுவிட்டாள்.

விழாவுக்குப் புதுச்சேரியிலிருந்து வாடகைக்குப் புதுப் பியானோ வந்தது. முதலில் பூஜா. நன்றாகத்தான் வாசித்தாள். அந்த நடுக்கட்டை வந்ததும் பழக்கத்தில் விரல் தன்பாட்டுக்கு அதை நெம்பித் தூக்கியது. நல்லா இருக்கிற கட்டையை இந்தப் பொண்ணு எதுக்குப் பிடுங்குது என்று மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. குழந்தை பாதியில் ஓடி வந்து அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. இனி பியானோவே வேண்டாமாம். என் வீட்டுக் கட்டையால் வந்த வினையாச்சே என்று டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்து பாய் உட்கார்ந்தார். அதே கட்டை வந்தது. அமுக்கினார். பெரிய விரலைக் கட்டையின் நுனியில் கொடுத்து, கையை ஆட்டி, ஜம்மென்று தூக்கினார். மறுபடி அமுக்கினார், மறுபடி தூக்கினார். சிரித்த ஜனம், ஓகோ, இது ஒரு ஸ்டைல் போலிருக்கு என்று கைதட்ட ஆரம்பித்தது.

பூஜா தலையை நிமிர்த்தினாள். "அம்மா, பாய் தாத்தாவும் தூக்குறாரு. நான் போயி முழுசா வாசிக்கட்டா?"

போனாள், வாசித்தாள், தூக்கினாள். கைதட்டல் அடங்கவே இல்லை.

வினோதினிக்கு வாயெல்லாம் பல். "பார்த்தீங்களா டீச்சர், பழக்கதோஷம் பெரியவரையும் விடல. நல்லவேளை, அவரும் அதே தப்பைப் பண்ணாரு, என் பொண்ணு தப்பிச்சா."

"பழக்கதோஷமா?" என்றாள் டீச்சர். "எங்க வீட்டுல அவரு ஒருநாளும் அந்தக் கட்டையத் தூக்குனதே இல்லீங்க."